'ரூம் இல்லம்மா' என்பதை யார் எழுதுவது?

அதிகாலை நாலு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கினேன். தோளில் ஒரு பை. போனில் மூன்று வீடியோக்கள். 'மதுரையில் 24 மணி நேரம்', 'மதுரை போனா இதை மிஸ் பண்ணிடாதீங்க' வகையறா. வழியில் நெட் கிடைக்காதோ என்று டவுன்லோட் செய்து வைத்திருந்தேன். காலையில் இட்லி எங்கே, மதியம் கறி தோசை எங்கே, சாயங்காலம் ஜிகர்தண்டா எங்கே, எல்லாம் நிமிடக் கணக்கில் தயார். அதற்கு முன்னால் ஓர் அறை வேண்டும். குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினால் போதும்.

முதல் லாட்ஜில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கூட யாரும்மா வர்றாங்க?" யாருமில்லை என்று ஆதார் அட்டையை நீட்டினேன். அதை அவர் தொடவே இல்லை. "தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கறதில்லம்மா. ஓனர் சொல்லியிருக்காரு." இரண்டாவது இடத்தில் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள்: ரூம் ஃபுல். நான் படி இறங்கும்போதே எனக்கு அடுத்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது இடத்துக்கு நான் போகவில்லை.

இதில் புலம்ப ஒன்றும் இல்லை. தனியாகப் பயணம் போகிற எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இதைவிட மோசமான கதை கிடைக்கும். எனக்கு உறைத்தது வேறு. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூன்று வீடியோக்களையும் மறுபடி ஓடவிட்டேன். மூன்றிலும் 'ஸ்டே' என்று ஒரு பகுதி இருந்தது. மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: பட்ஜெட்டுக்கு ஏத்த மாதிரி ரூம்ஸ் நிறைய இருக்கு.

யாருக்கு இருக்கு?

*

ஊர் சுற்றிக் காட்டும் எழுத்தை நாம் விமர்சனத்துக்கு எடுப்பதே இல்லை. வீடியோவாக இருந்தாலும் அதற்கு அடியில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, ஒரு சொல்முறை இருக்கிறது. என் வயதுக்காரர்கள் கவிதையைவிட, சிறுகதையைவிட அதிகமாக நுகரும் தமிழ் இதுதான். நாவலில் ஒரு பாத்திரம் சறுக்கினால் பத்துப் பக்கம் விமர்சனம் எழுதுகிற நாம், இதை மட்டும் 'கன்டென்ட்' என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அதன் இலக்கணம் எளிமையானது. மையத்தில் 'நான்' இருப்பேன். நான் கடைக்குள் போவேன். சூடாக ஒரு தட்டு வரும். ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடுவேன், தலையை ஆட்டுவேன், 'வேற லெவல்' என்பேன். பிறகு விலை. பிறகு அடுத்த கடை. மதுரையின் கறி தோசை மூன்று அடுக்கு கொண்டது: அடியில் தோசை, நடுவில் முட்டை, மேலே மசாலாவோடு கொத்துக்கறி. கல்லில் அதைத் திருப்பிப் போடுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. முட்டை தோசையோடு கறியை ஒட்டவைக்கிற அந்தக் கணம் தப்பினால் எல்லாம் உதிர்ந்துவிடும். இதைச் சொல்ல முப்பது விநாடி போதும். ஆனால் வீடியோ தோசையைப் பார்ப்பதில்லை. தோசை தின்கிற முகத்தைப் பார்க்கிறது.

மதுரைக்குத் 'தூங்கா நகரம்' என்ற பட்டமும் எல்லா வீடியோவிலும் வரும், பின்னணி இசையோடு. ஏன் தூங்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பூ ராத்திரியில் வந்து இறங்குகிறது. காய்கறி லாரி ராத்திரியில் வருகிறது. மில் ஷிப்ட் ராத்திரியில் மாறியது. மூட்டை தூக்குகிறவருக்கு இரண்டு மணிக்குப் பசிக்கும். ராத்திரி புரோட்டாக் கல்லும் பருத்திப்பால் வண்டியும் அந்தப் பசியை நம்பித்தான் நின்றன. அந்தப் பசியை எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் காட்டினால் கிடைப்பது வெறும் 'நைட் ஸ்ட்ரீட் ஃபுட்'.

நியாயமாகச் சொல்லணும்னா, இந்த வீடியோக்களால் எனக்கு லாபமும் உண்டு. முள்ளு முருங்கை இலை வடையைப் பற்றி எனக்குச் சொன்னது ஏதோவொரு சேனல்தான். சௌராஷ்டிரர் சமையல் என்று ஒன்று மதுரையில் இருப்பதைச் சொன்னதும் அப்படித்தான். எனவே இவர்கள் சொல்லும் கடைகளைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

*

தமிழில் பயணிக்கு வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது 5 பாட்டுகள், ஆற்றுப்படை. ஸ்கூலில் 'ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல்' என்று மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியதோடு நம் உறவு முடிந்தது. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிரே வரும் ஏழைக் கலைஞனிடம் 'இன்ன வழியில் போ, இன்னாரைப் பார், இன்னது தின்னக் கிடைக்கும்' என்று சொல்வது அதன் அமைப்பு.

உடனே 'அந்தக் காலத்துல பாரு' என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஆற்றுப்படை அப்பட்டமான பெய்டு ப்ரமோஷன். சொல்கிறவன் ஏற்கெனவே வள்ளலிடம் வாங்கிவிட்டான், வாங்கியதற்காகத்தான் புகழ்கிறான். மிகைப்படுத்தலிலும் குறை வைப்பதில்லை. பொருநராற்றுப்படையில் பொருநன், கரிகாலன் வீட்டில் ராப்பகலாகக் கறி தின்றதில் தன் பல்லே உழுத கொழுபோல மழுங்கிவிட்டதாகச் சொல்கிறான். இன்றைய எந்த ஃபுட் வ்லாகரும் இந்த உயரத்தை இன்னும் எட்டவில்லை.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு பேசுகிற அதே வாய், வழியில் என்ன ஆபத்து என்பதையும் சொல்கிறது. இதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. மலைபடுகடாம் செங்கண்மாவில் இருக்கும் நன்னனிடம் கூத்தர்களை அனுப்புகிற பாட்டு. 583 அடி. அதில் கணிசமான பகுதி எச்சரிக்கை. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கல்பொறி இருக்கும், அதனால் விடிந்தபிறகு போங்கள். குழிகளில் பாம்பு கிடக்கும், விலகிப் போங்கள். பாறை வழுக்கும், பிடித்துக்கொண்டு இறங்குங்கள். புனம் காக்கிறவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், உயிர் போகிற வேகத்தில் வரும், மரத்தை மறைவாக வைத்துக் கடந்து போங்கள். கூட்டத்தில் விறலியரும் இருக்கிறார்கள் என்பதைக் கவிஞர் மறக்கவில்லை. பாம்புக் குழியைத் தாண்டும் இடத்தில் அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று தனியாகவே வருகிறது.

நன்னனைப் புகழ வந்த பாட்டுக்கு இது எதுக்கு? அவன் நாட்டு வழியில் கல் விழும் என்று சொல்வது விளம்பரத்துக்குக் கெடுதல்தானே? எனக்குத் தோன்றுவது இதுதான். சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே சாதிச் சட்டி. சொல்கிறவன் நேற்று அதே பாறையில் வழுக்கியவன். சிறுபாணாற்றுப்படையில் வரும் பாணன் குடும்பம், உப்புக்கூட இல்லாமல் வேகவைத்த கீரையை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறது. அந்த வீட்டிலிருந்து வந்தவன் இன்னொரு அப்படிப்பட்ட வீட்டுக்காரனிடம் பேசும்போது வெறும் 'வேற லெவல்' என்று சொல்லி முடிக்க முடியாது. எதிரே நிற்பவன் நிஜமாகவே கிளம்பிப் போகப்போகிறான். வழியில் செத்துவிடக்கூடாது.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் சாப்பாட்டையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். காஞ்சிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு இடத்திலும் என்ன கிடைக்கும் என்று வரிசையாக வருகிறது. எயினர் வீட்டில் சோற்றோடு உடும்புக்கறி. ஆயர் வீட்டில் தினைச்சோறும் பாலும். உழவர் வீட்டில் வெண்சோறும் வீட்டுக்கோழியும். அந்தணர் வீட்டில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் வேகவைத்தது, கூடவே மாவடு. வலைஞர் குடியிருப்பில் கள்ளும் சுட்ட மீனும். கவனியுங்கள், இங்கே ஒரு பண்டம்கூட ஆள் இல்லாமல் வரவில்லை. யார் வீடு, யார் சமைத்தது, என்ன நிலம் என்பதெல்லாம் சேர்ந்துதான் சாப்பாடு. எல்லா வாசலும் பாணனுக்குத் திறந்தே இருக்கிறது என்பது கவிஞர் கட்டிய பொய்யாகவும் இருக்கலாம். நிஜத்தில் எத்தனை வாசல் திறந்ததோ. ஆனாலும் அது சரியான இடத்தில் சொல்லப்பட்ட பொய். விருந்து என்றால் முதலில் வாசல் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

*

இப்போது மறுபடி மதுரைக்கு வருகிறேன். மதுரைக்கு வெளியூரிலிருந்து வந்து இடம் தேடியவர்களில் நம் இலக்கியத்தில் மிகப் பிரபலமான ஜோடி கோவலனும் கண்ணகியும். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைப் பயண நூலாக ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான், ஒவ்வொன்றிலும் என்ன பார்க்கலாம், என்ன தொல்லை வரும் என்பதோடு. அடுத்து ஊருக்கு வெளியே புறஞ்சேரியில் தங்குகிறார்கள். ஊர்காண் காதையில் கோவலன் மட்டும் நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். கணிகையர் வீதி, கடைத்தெரு, ரத்தினக் கடைகள், பொன் வீதி, துணிக் கடைகள், தானியக் கடைகள். ஒவ்வொரு மணியின் குணமும் குற்றமும்கூட வருகிறது. தமிழின் முதல் சிட்டி டூர் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணகி போகவில்லை. அவள் புறஞ்சேரியில் இருக்கிறாள். பிறகு கவுந்தியடிகள் அவளை மாதரி என்ற ஆயர் மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். துறவியான கவுந்திக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது: புது ஊரில் இளம்பெண்ணுக்குத் தங்க இடம் என்பது சுவரும் கூரையும் மட்டுமில்லை, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதும்தான். அந்த வீட்டில் கண்ணகி காய் நறுக்கிச் சமைத்து, வாழைக் குருத்தில் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். அது அவன் கடைசிச் சாப்பாடு. அதன்பிறகு அவள் மதுரையின் வீதிகளுக்குள் போவது கையில் ஒற்றைச் சிலம்போடு. கோவலன் மணிகளைப் பார்த்து வியந்த நகரத்தை, அவள் பார்க்கிற முதல் தடவையே அது எரியப்போகிற தடவையாக இருக்கிறது.

இளங்கோ இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் சுற்றிப் பார்க்கிற சுகம் யாருக்கு வாய்க்கிறது, யார் பின்னால் விடப்படுகிறார்கள் என்று ஒரே காண்டத்துக்குள் இரண்டையும் வைத்திருக்கிறார். டூர் போகிறவனும் அறையில் காத்திருக்கிறவளும் ஒரே கதைக்குள். என் போனில் இருந்த வீடியோக்களில் ஊர்காண் காதை மட்டும் இருந்தது. அடைக்கலக் காதை இல்லை.

*

பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஆரம்பித்தால் எல்லாப் பட்டியலிலும் முதலில் வருவது மீனாட்சியம்மன் கோயில்தான். கோபுர உயரம், ஆயிரங்கால் மண்டபம், பொற்றாமரைக் குளம். சில பட்டியல்களில் பயனுள்ள தகவலும் உண்டு: நடுப்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறப்பார்கள், போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போகணும். (வ்லாகர் கேமரா நின்றுபோகிற ஒரே இடம் அதுதான். அங்கே மட்டும் அவர்கள் வாயால் வருணிக்கவேண்டிய கட்டாயம் வருகிறது. கேட்டுப் பாருங்கள், 'சூப்பரா இருக்கும் ஃப்ரெண்ட்ஸ்' என்பதைத் தாண்டி ஒன்றும் வராது.)

நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இல்லாத வரி இது: 1939 ஜூலை 8ஆம் தேதிக்கு முன்பு இந்தக் கோயிலைப் பார்க்க முடியாதவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். அன்றுதான் அ. வைத்தியநாதய்யர் தலித்துகளையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். போனவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனும் ஒருவர். காந்தி மதுரைக்குப் பல தடவை வந்தவர். 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியதே மேல மாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான். ஆனால் எல்லாருக்கும் திறக்காத கோயிலுக்குள் அவர் போகவில்லை. 1946ல் வந்தபோதுதான் போனார். ஊருக்கு வந்து, ஊரின் முதல் காட்சியைப் பார்க்காமல் திரும்பிப் போன ஒரு பயணி. இந்த ஒரு தகவலைச் சொன்னால் கோபுரத்தின் உயரம் குறைந்துவிடாது. கிழக்கு வாசலில் நிற்கும்போது எனக்கு அது கூடித்தான் தெரிந்தது. மாற்று மதத்தவருக்கு இன்றும் உள்ளே ஓர் எல்லை உண்டு. அதைப் பலகை சொல்கிறது, வீடியோ சொல்வதில்லை. இஸ்லாமிய நண்பர் ஒருவர் வீடியோவை நம்பிப் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறார்.

பலகைகளும் பயண இலக்கியம்தான் என்று நான் சொல்வேன். ஓட்டல் வாசலில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்த காலத்தில் அது யாருக்கு எந்த மேசை என்று சொன்ன வழிகாட்டி. 1957ல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பெயர்ப்பலகையில் இருந்த அந்த ஒரு சொல்லை எடுக்க, பெரியாரின் இயக்கம் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனது. அதற்கும் முன்பே அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆவது கூறு கடை, உணவகம், விடுதி என்று பெயர் சொல்லியே எழுதிவிட்டது: மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்பதை வைத்து எவரையும் இங்கெல்லாம் தடுக்கக்கூடாது. பால் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. அதிகாலை நாலு மணிக்கு மேசைக்குப் பின்னால் இருக்கிறவரிடம் அரசியலமைப்பை எடுத்து நீட்ட முடியாது என்பது வேறு விஷயம். திருமணம் ஆகாத ஜோடி ஒரே அறையில் தங்கத் தடைவிதிக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி வழக்கொன்றில் சொன்னது. அதற்குப் பிறகும் 'மேரேஜ் சர்டிபிகேட் இருக்கா' என்று கேட்பது நிற்கவில்லை. பலகையில் எழுதாத விதிகள்தான் பலகையைவிட ஆயுசு கெட்டி.

*

இதைப் படிக்கும் ஒருவர் கேட்கலாம்: "சாப்பிட இடம் கேட்டா சாப்பிட இடம் சொல்லுங்க. தோசைக்கு நடுவுல சாதி, சட்டம், கண்ணகி எல்லாம் எதுக்கு?" நியாயமான எரிச்சல்தான். ஜிகர்தண்டாவில் பாலும் கடற்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் போதும், சமூகவியல் வேண்டாம். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு குற்றவுணர்ச்சியைத் தொட்டுக்கொள்ளச் சொல்லும் பயணக் கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன். அவற்றுக்கு 'வேற லெவல்' எவ்வளவோ மேல். மலைபடுகடாமும் வெறும் அபாய அறிவிப்பு இல்லை. அதில் அருவி இருக்கிறது, தேன் இருக்கிறது, கறி இருக்கிறது, மலையின் நூறு சத்தங்கள் இருக்கின்றன. ஆபத்தைச் சொன்னதால் அதன் சந்தோஷம் குறையவில்லை. நம்பிக்கை கூடுகிறது. வழுக்கும் பாறையைச் சொன்னவன் தேனைச் சொன்னால் நம்பலாம்.

ஸ்டார் ரேட்டிங்குகளையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு லாட்ஜுக்கு எழுதப்படும் ரிவ்யூக்கள் கிட்டத்தட்ட எல்லாமே அங்கே அறை கிடைத்தவர்கள் எழுதியவை. படுக்கை விரிப்பு, சுடுதண்ணீர், லிஃப்ட். வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவர் தங்கவில்லை, எனவே அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது அந்த வடிவத்தின் அனுமானம். ஒரு விடுதியைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு வேண்டிய மதுரைப் பட்டியல் ரொம்பப் பெரிதில்லை. கறி தோசையும் அயிரை மீன் குழம்பும் இருக்கட்டும். 1636ல் கட்டிய நாயக்கர் மகாலில் மிஞ்சியிருப்பது ஒரு பகுதிதான் என்பதும், தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் மாளிகைதான் காந்தி மியூசியமாக இருக்கிறது என்பதும் இருக்கட்டும். 2023ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு எந்த பஸ் என்பதும் இருக்கட்டும். கூடவே, ராத்திரி எந்தப் பக்கம் வெளிச்சம், எங்கே பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, எந்த லாட்ஜில் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்காமல் சாவி கொடுப்பார்கள் என்பதும் வேண்டும். இதை எழுத ஒருவர் போய் வழுக்கி விழுந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்கு அதைச் சொன்னவர் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மல்லி கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. பக்கத்துப் பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த ஈரத்துணி மூட்டை மடியில். நான் மூன்றாவது வீடியோவை மூன்றாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தார். "ஏத்தா, தனியாவா வந்த? அங்குட்டு இருட்டா கெடக்கு, போகாத. இந்தா, இந்த லைட்டுக்கு அடியில வந்து ஒக்காரு. விடியட்டும். அஞ்சரைக்கு எங்க ஊர் டிரைவர் ஒரு டீக்கடைக்கு வருவான், அவன்கிட்ட சொன்னா லேடீஸ் ஆஸ்டல் பக்கம் எறக்கி விடுவான். அங்க நாள் வாடகைக்குக் குடுப்பாக."

கொடுத்தார்கள். வாளியில் சுடுதண்ணீர்கூட இருந்தது.